ஐந்தாவது கையெழுத்து

இப்படித் தள்ளி உட்காருங்கள் தம்பி. பதினோரு மணிக்கு மேல் அந்த இடத்தில் வெயில் விழும். இந்தக் கோர்ட் வராந்தாவில் எந்த நேரத்துக்கு எந்தப் பெஞ்சில் நிழல் இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். முப்பத்தோரு வருஷம் வனத்துறையில் இருந்தவன். வனவராக ரிட்டையர் ஆனேன். கேஸ் எழுதுவதும், எழுதிய கேஸுக்கு வந்து இங்கே உட்கார்ந்திருப்பதும்தான் பாதிச் சர்வீஸ்.

நீங்கள் என்ன கேஸ்? சாட்சியா? லாரி மோதியதைப் பார்த்தீர்களா? பாவம். ஏன்தான் பார்த்தோமோ என்று இருக்கும், இல்லையா. முதல் தடவை என்று முகத்திலேயே தெரிகிறது. சம்மனை அப்படிக் கசக்காதீர்கள், உள்ளே கேட்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. கூண்டில் ஏறினால் ஜட்ஜைப் பார்த்துப் பேசுங்கள். வக்கீல் முகத்தைப் பார்த்தால் குழம்பிவிடும்.

என்னுடையது ஒரு ஆள் காணாமல் போன விஷயம். ஒன்பது வருஷம் ஆகிறது. அதோ, கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நீலச் சேலையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறதே, அதன் புருஷன். சந்தியாகு என்று பேர். பனைத்துறையில் முக்குளிக்கிறவன், கடலுக்கடியில் மூழ்கி எடுக்கிற தொழில். அந்தப் பெண் ஞானப்பூ. மீன் கூடை தூக்கிக்கொண்டே ஹைகோர்ட் வரைக்கும் போய் உத்தரவு வாங்கி வந்துவிட்டது. அஞ்சு டிபார்ட்மென்டை நம்பி என் புருஷன் சாட்சி சொன்னார், உயிருக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு உங்களிடம் வந்தாரா இல்லையா, அதைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று மனு. அதற்குத்தான் இந்த விசாரணை.

ஐந்து துறையும் அப்போதே பதில் எழுதிக் கொடுத்துவிட்டது. வரவில்லை. எங்கள் துறைக்காக எழுதியது நான். வரவில்லை.

வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? பயந்து வந்தவன் இல்லை, தானாக ஓடிப்போனவன் என்று அர்த்தம். கடத்தல்காரர்களோடு சேர்ந்துகொண்டு படகில் அக்கரைக்குப் போய்விட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அவன் மகனை மீன் ஏலம் போடுகிற இடத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். ஓடிப்போனவன் மகனே, கூடையை நகர்த்து என்று.

இன்றைக்கு என்னிடம் அந்த ஒரு கேள்விதான் கேட்கப்போகிறார்கள். சந்தியாகு உங்களிடம் வந்தானா? அவ்வளவுதான். ஆமாம் அல்லது இல்லை.

எப்படியும் பன்னிரண்டு ஆகும். உட்காருங்கள், சொல்கிறேன். என் பக்கத்து நியாயத்தையும் யாராவது கேட்க வேண்டும் அல்லவா.

கடல் அட்டை தெரியுமா உங்களுக்கு? வெள்ளரிக்காய் பருமனில் கடலடி மணலில் கிடக்கும். நம் ஊரில் யாரும் வாயில் வைப்பதில்லை. வெளிநாட்டில் தங்கம் மாதிரி. சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும். அதனால் வனத்துறை கேஸ். கடல் வழியாகப் போவதால் சுங்கத்துறைக்கும் கேஸ். படகில் போவதால் கடலோரக் காவலுக்கும் கேஸ். மீன்வளத்துறையும் வரும், உள்ளூர்ப் போலீஸும் வரும். ஒரு பூச்சிக்கு ஐந்து துறை.

ஐந்து துறையும் தனித்தனியாகப் போனதால்தான் கடத்தல் நடந்தது. நாங்கள் தோப்பில் சோதனை போட்டால் சரக்கு கடலில் இருக்கும். கடலில் துரத்தினால் தோப்புக்கு வந்துவிடும். இதெல்லாம் ஒரே ஆள் கையில். ஐஸ் கம்பெனி வைத்திருந்தார், ஐஸ் கம்பெனி அண்ணாச்சி என்பார்கள். மரியாதையான மனுஷர். ரோட்டில் பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்தி வணக்கம் சொல்வார். அவருக்கு எத்தனை படகு, எத்தனை தோப்பு என்று எங்களில் ஒருத்தருக்கும் முழுசாகத் தெரியாது. எனக்கு ரெண்டு தோப்பு தெரியும், சுங்கத்துறைக்கு மூணு படகு தெரியும். ஒருத்தர் மற்றவரிடம் சொல்ல மாட்டோம்.

கலெக்டர்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். கூட்டு நடவடிக்கைக் குழு. முதல் கூட்டத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதிலேயே அரை மணி நேரம் போனது. ஆனாலும் சொல்ல வேண்டும் தம்பி, நாலு கூட்டத்தில் ஒரு உருவம் வந்தது. எங்கள் தோப்பும் அவர்கள் படகும் ஒரே காகிதத்தில் வந்தவுடன் அண்ணாச்சியின் முழு ஆட்டமும் தெரிந்தது. ஒன்றுதான் இல்லை. இது அவருடைய கொட்டகை, இது அவருடைய ஆள் என்று கூண்டில் ஏறிச் சொல்ல ஒரு வாய்.

அந்த வாயை நான்தான் கொண்டுவந்தேன்.

சந்தியாகு அண்ணாச்சியின் படகில் முக்குளித்துக்கொண்டிருந்தவன். அவன் மச்சான் சவரிமுத்துவும் அதே தொழில். ஞானப்பூவின் அண்ணன். கம்ப்ரசரில் ரப்பர் குழாய் மாட்டி, அதை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஒரு நாள் சந்தியாகு காய்ச்சலில் படுத்துவிட்டான், சவரிமுத்து மட்டும் போனான். அவன் அடியில் இருக்கும்போது தூரத்தில் ரோந்துப் படகு தெரிந்தது. மேலே இருந்தவர்கள் குழாயை அறுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பிப் போய்விட்டார்கள். மூணாம் நாள்தான் கரை ஒதுங்கினான். பல்லில் ஒரு சாண் குழாய் இருந்தது.

அதற்குப் பிறகுதான் சந்தியாகு என்னிடம் பேசினான். ஒரு மாசம் நான் அவனோடு பேசிப் பேசி... டீக்கடையில், வலை காய்கிற இடத்தில். ஐந்து டிபார்ட்மென்ட் உன் பின்னால் நிற்கிறது, உனக்கு என்ன பயம் என்றேன். அவன் சிரித்தான். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"சார், எங்கள்ல சங்கு குளிக்கப் போனா மேல கயித்தப் புடிக்கிறது மச்சான்தான். வேற ஆளு புடிக்கப்படாது. ஏன்னா கயித்த விட்டா அவன் தங்கச்சி தாலிதான் போகும். அப்ப ஒழுங்காப் புடிப்பான்ல? நீங்க அஞ்சு டிபார்ட்மென்டுன்னு சொல்றீக. நல்லது. என் கயித்தப் புடிக்கிற மச்சான் யாரு சார்?"

"நான்தான்டா" என்றேன்.

"அப்ப என் தங்கச்சிய ஒங்களுக்குக் கட்டித் தரணுமே. வள்ளி அக்கா வெளக்குமாத்த எடுத்துருமே சார்" என்றான். வள்ளி என் வீட்டுக்காரி. வள்ளிமயில். ரெண்டு பேரும் சிரித்தோம். நல்ல ஆள் தம்பி. அவனோடு பேசினால் நேரம் போவது தெரியாது.

சோதனை காலை ஏழு மணிக்கு. தென்னந்தோப்பு, ஓலைக்கொட்டகை, ஆறு அண்டா. பாதி வேகவைத்த அட்டை, ஈரச் சாக்கில் கட்டிக் கிடந்தது. ஐம்பத்தோரு சாக்கு. அந்த வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் போகாது. சோறு உண்ணும்போது வரும். சந்தியாகுவைத் தலையில் துண்டு போட்டு ஜீப்பில் உட்கார வைத்திருந்தோம், இடத்தைக் காட்ட.

எங்கள் துறைக்கு ஒரு புதுத் தராசு வாங்கியிருந்தோம். எலெக்ட்ரானிக். அரசு முத்திரை வைத்து எட்டு நாள்கூட ஆகவில்லை. நான் நிறுத்தேன். ஒவ்வொரு சாக்காக. அறுநூற்றுப் பதினெட்டு கிலோ. எழுதினேன், பிடித்த சரக்கின் விவரம் எழுதுகிற மகஜரில் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன்.

சுங்கத்துறை இன்ஸ்பெக்டர் வந்தார். "வனவர் சார், உங்க தராசுலயே எல்லாரும் எழுதிக்கிருவோமே. ஒரே மகஜர், அஞ்சு கையெழுத்து. வேலை முடிஞ்சுரும்" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவரவர் துறைக்கு அவரவர் மகஜர், எங்கள் ரேஞ்சர் உத்தரவு என்றேன். ரேஞ்சர் அப்படி வாயால் சொன்னாரா என்றால், சொல்லவில்லை. ஆனால் முந்தின மாசம் ஒரு கூட்டுச் சோதனை, சரக்கைப் பிடித்தது நாங்கள், பேப்பரில் போட்டோ சுங்கத்துறை. வனத்துறை என்ற சொல்லே செய்தியில் இல்லை. ரேஞ்சர் அந்தப் பேப்பரை மடித்து மேசையில் வைத்ததை நான் பார்த்தேன். அவர் மனசு எனக்குத் தெரியாதா? எங்கள் தராசு, எங்கள் நிறை. இன்னொருத்தர் அதை எழுதிக்கொண்டு போய்ப் பேப்பரில் போடுவதா?

ஜீப்பிலிருந்து சந்தியாகு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், அட்ட தண்ணி விடும் சார். வெந்த அட்ட போகப் போக வடியும். காலையில ஒரு நிறை, சாயந்தரம் ஒரு நிறை. எல்லாரையும் இப்பவே நிறுக்கச் சொல்லுங்க."

"நீ துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்" என்றேன்.

சுங்கத்துறை மதியம் அவர்கள் கோடவுனில் நிறுத்தது. ஐந்நூற்று எண்பது. சாயந்தரம் ஸ்டேஷனில் போலீஸ் நிறுத்தது. ஐந்நூற்று ஐம்பத்தொன்று. கடலோரக் காவல் நிறுக்கவே இல்லை, சாக்கை எண்ணியது. ஒரு சாக்கு கிழிந்து இன்னொன்றில் கொட்டியிருந்தார்கள், அதனால் ஐம்பது. மறுநாள் மீன்வளத்துறை வந்து நிறுத்தபோது நானூற்று எண்பத்தொன்பது. ஐந்து மகஜர். எல்லாவற்றிலும் முத்திரை, எல்லாவற்றிலும் கையெழுத்து.

கேஸ் ரெண்டு வருஷம் கழித்து வந்தது. இதே கட்டடம், அதோ அந்த ஹால். சந்தியாகு முதல் சாட்சி. துண்டு இல்லாமல் ஏறினான். அண்ணாச்சியைக் கையால் காட்டினான். கொட்டகை, அண்டா, படகு, குழாயை அறுத்த ஆள் பேர், எல்லாம் சொன்னான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது தம்பி. நான் கொண்டுவந்த ஆள்.

பிறகு நான் ஏறினேன். அண்ணாச்சியின் வக்கீல் குரலை உயர்த்தவே மாட்டார். வீட்டில் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"உங்க தராசு சரியான தராசுதானே சார்?"

"சரியான தராசு."

"முத்திரை?"

"சோதனைக்கு எட்டு நாள் முந்தி வைத்தது."

"நீங்க நிறுத்ததுல தப்பு இருக்க வாய்ப்பு உண்டா?"

"கிடையாது."

"அப்ப மத்த துறை எழுதுன நிறையெல்லாம் தப்பு?"

"தப்பு" என்றேன்.

"நூத்தி இருபத்தொன்பது கிலோ குறையுது. வழியில யாராவது எடுத்துருப்பாங்களோ? இல்ல, இது வேற சரக்கோ?"

"அது எனக்குத் தெரியாது. என் கையிலிருந்து போனது அறுநூற்றுப் பதினெட்டு."

அவர் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு கேள்வியே இல்லை. என்னை ஒரு வக்கீல் அசைக்க முடியவில்லை என்று எங்கள் ஆபீஸில் ஒரு வாரம் பேசினார்கள். அதைச் சொல்ல வேண்டும்.

பிடித்த சரக்கும் கோர்ட்டுக்கு வந்த சரக்கும் ஒன்றுதானா என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று எழுதி எல்லாரையும் விட்டுவிட்டார்கள். அண்ணாச்சி இந்த வராந்தாவில்தான் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு போனார். சந்தியாகு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "தம்பி, பிள்ளை எத்தனாவது படிக்குது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

சந்தியாகு என்னிடம் வந்தான். "சார், தண்ணி வடிஞ்சுருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"என்னை அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லையே" என்றேன். நியாயம்தானே? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு என்ன, தெரியாதா? கேட்கவில்லை. நிறை சரியா என்று கேட்டார்கள், சரி என்றேன்.

இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது தம்பி. இப்போது கூட்டுச் சோதனை என்றால் ஒரே தராசு, ஒரே மகஜர். சாட்சிக்கு என்று ஒரு ஆபீசர் பேர் போட்டு, அவர் போன் நம்பர் கொடுத்து, அவர்தான் பொறுப்பு. பயிற்சி வகுப்பில் எங்கள் கேஸைத்தான் படம் போட்டுக் காட்டுகிறார்களாம். என் மகஜரின் போட்டோகூட இருக்கிறதாம். என்னால் ஒரு நடைமுறையே மாறியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

மணி என்ன? பதினொன்றே முக்காலா. சரி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களை இனிமேல் நான் எங்கே பார்க்கப்போகிறேன்.

அவன் வந்தான்.

தீர்ப்பு வந்து மூன்று வாரம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. எங்கள் குவார்ட்டர்ஸ் கடற்கரையை ஒட்டி இருந்தது. கேட்டைத் திறந்துகொண்டு வந்து வாசல் படியில் நின்றான். கைலி, சட்டை எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். பனைத்துறை வீட்டுக்கு எதிரே நாலு நாளாக ரெண்டு பேர் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், பஸ் ஸ்டாப்பிலும் ஆள் நிற்கிறது, அதனால் பனைத்துறையிலிருந்து கடலில் இறங்கிக் கரையோரமாகவே நீந்தி வந்தேன் என்றான். மூன்று மைல்.

தலையில் பாலித்தீன் பை கட்டியிருந்தான். அதற்குள் ஒரு மனு. அந்த வாரம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான். போலீஸுக்குப் போனால், முதல் தகவல் சுங்கத்துறையுடையது, அங்கே போ என்று பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுங்கத்துறையில், மிரட்டல் கடலோரக் கிராமத்தில் நடக்கிறது, கடலோரக் காவலுக்கு. அங்கே, மனுதாரர் மீனவர், மீன்வளத்துறைக்கு. அங்கே, கடல் அட்டை வனத்துறைக்கு உட்பட்டது, வனத்துறைக்கு. நாலு கையெழுத்து, நாலு சீல். எல்லாம் முறையாக இருந்தது.

வள்ளி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான்.

"ஒரு ராத்திரி மட்டும் இங்க இருந்துக்கிறேன் சார். காலையில ஞானப்பூவையும் பிள்ளைகளையும் அவ சின்னம்மா ஊருக்கு அனுப்பிட்டு, எங்கிட்டாவது போயிருவேன்" என்றான்.

குவார்ட்டர்ஸில் வெளி ஆளைத் தங்க வைக்க விதி இல்லை தம்பி. நான் அந்த மனுவை வாங்கினேன். உயிர்ப் பாதுகாப்பு காவல்துறை சம்பந்தப்பட்டது, காவல்துறைக்கு அனுப்பப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சீல் ஆபீஸில் இருந்தது, அதனால் சீல் வைக்கவில்லை. என்னுடையது ஐந்தாவது கையெழுத்து.

அவன் அதை வாங்கி, படித்துப் பார்த்தான். முதல் கையெழுத்தையும் என் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மடித்துப் பைக்குள் வைத்து, பையைத் தலையில் கட்டிக்கொண்டான். "சரி சார்" என்றான். கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனான். கடல் பக்கம்தான் போனான்.

அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. ஆளும் இல்லை, அந்தக் காகிதமும் இல்லை.

ஒரு வாரத்தில் விசாரிக்க வந்தார்கள். மற்ற நாலு துறையும் வரவில்லை என்று எழுதிவிட்டது. நாலு பேர் வரவில்லை என்று எழுதிய பிறகு நான் மட்டும் வந்தான் என்று எழுதினால் என்ன ஆகும்? வந்தவனை நீ என்ன செய்தாய் என்பார்கள். அந்த நாலு பேரும் பொய்யராகிவிடுவார்கள். கூட்டு வேலையில் ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது இல்லையா. அதனால்தான் வரவில்லை என்று எழுதினேன். வள்ளி அப்போது காபி கொண்டுவந்தாள். நான் எழுதுவதைப் பார்த்தாள். டம்ளரை அந்த ஆபீசர் முன்னால் வைக்காமல் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வள்ளி போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் வந்ததைப் பார்த்த இன்னொரு ஆள் இப்போது இல்லை. நான் ஒருத்தன்தான்.

இன்றைக்குச் சொல்லிவிடப்போகிறேன். காலையில் குளிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பென்ஷனை நிறுத்துவார்களா, நிறுத்தட்டும். வந்தானா என்று கேட்பார்கள். வந்தான் என்பேன். ஒரு சொல்தானே.

இருங்கள், என் பேரா அது? பூமிநாதன். ஆமாம், கூப்பிடுகிறார்கள். பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வந்துவிடுகிறேன்.

*

இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா? கொஞ்சம் தள்ளுங்கள்.

முடிந்துவிட்டது. நாலு நிமிஷம்கூட இல்லை.

அந்தப் பெண்ணின் வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வாதமாம், வரவில்லை. அரசு வக்கீல் எழுந்தார். ஐந்து துறைகளின் பதிலும் ஒத்துப்போகிறது ஐயா, இவர் தன் பதிலை உறுதி செய்தால் போதும் என்றார். ஜட்ஜ் காகிதத்தைக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம் ஐயா. சரி, போகலாம்.

நான் வாயைத் திறந்தேன் தம்பி. சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு ஆள் என்னை ஒதுக்கிக்கொண்டு ஏறினான். நான் என்ன செய்ய முடியும்? வந்தானா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கையெழுத்து உன்னுடையதா என்று கேட்டார்கள். என்னுடையதுதான்.

கேட்கவில்லை. கேட்டால்தானே.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், பைத்தியம் என்று நினைக்காதீர்கள். அவன் போன மறுநாள், மதியம் மூன்று மணிக்கு, வாசல் படியில் ஈரம் இருந்தது. ரெண்டு ஈரக் கால். வள்ளி பார்த்தாள், துணியை எடுத்து வந்து துடைத்தாள். மறுநாளும். கடல் காற்று, சிமென்ட் தரை, அப்படித்தான் பூக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். அவள் மட்டும் தினமும் மூன்று மணிக்குத் துணியோடு போவாள். ஐந்து வருஷம். ரிட்டையர் ஆகி டவுனுக்குள் வீடு மாற்றினோம். கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நாலு மைல். முதல் நாள் மதியம் அவள் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

இப்போது நான் துடைக்கிறேன். மழைக்காலம், வெயில்காலம் கிடையாது. விரல் தடம்கூடத் தெரியும். வாசலைப் பார்த்து நிற்கிற கால். உள்ளே வர நிற்கிற கால்.

ஏன் தம்பி, எனக்குப் பின்னால் யாரைப் பார்க்கிறீர்கள்?

ஞானப்பூ, நீயா தாயி. எப்போது வந்து நின்றாய்? நான்... நான் சும்மா இந்தத் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தேன். எதிலிருந்து கேட்டாய்?

ஈரக் கால் என்றதிலிருந்தா.

உட்கார் தாயி. நின்றுகொண்டே இருந்தால் எப்படி. சரி, நில்.

ஆமாம். வந்தான். உன்னிடம் மறைத்து என்ன. ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி. மனுவோடு வந்தான். அதில் நான் எழுதினேன். ஐந்து பேருமே எழுதினோம். உன்னையும் பிள்ளைகளையும் சின்னம்மா ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றான். ஓடுகிறவன் பேசுகிற பேச்சு இல்லை அது.

என்ன தாயி? காதில் விழவில்லை. திரும்பச் சொல்.

சாப்பிட்டானா என்றா கேட்கிறாய்?

இதை... இதை யாரும் கேட்கவில்லை என்னிடம். ஒன்பது வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.

காலையிலிருந்தே உண்ணாமல் வந்தானா. எனக்குத் தெரியாது தாயி. அவன் சொல்லவில்லை.

இல்லை. சாப்பிடவில்லை. வள்ளி தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மீன் குழம்பு. நிலையைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டாள். நான்தான் உள்ளே போ என்று கையைக் காட்டினேன். அவன் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டால் அக்கம்பக்கத்து வீட்டில் பார்ப்பார்கள், பிற்பாடு யாராவது கேட்டால் வந்தான் என்பதற்கு ஆள் சாட்சி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆமாம், அப்போதே நினைத்துவிட்டேன். மற்ற நாலு பேர் எழுதுவதற்கு முன்னாலேயே. அவன் படியில் நிற்கும்போதே.

அவன் அந்தத் தட்டைப் பார்த்தான். வள்ளியைப் பார்த்து, "இருக்கட்டும்க்கா, பசிக்கல" என்றான்.

அழாதே தாயி. இல்லை, நீ அழவில்லை.

இதை உள்ளே போய்ச் சொல்ல வேண்டுமா? இதையுமா? கையைக் காட்டியதையுமா?

சரி. கையைக் கொடு, எழுந்திருக்கிறேன். டவாலி! இங்கே வா. ஜட்ஜ் ஐயா இறங்கிவிட்டாரா, இருக்கிறாரா? இருக்கிறார் அல்லவா. பூமிநாதன் என்ற பேரை இன்னொரு தடவை கூப்பிடு. முடிந்துவிட்டது என்று நீ சொல்லாதே. உன்னை யார் கேட்டது? என்னை இன்னும் யாருமே கேட்கவில்லை, நானாகத்தான் சொல்லப்போகிறேன். கூப்பிடு.